என் சன்னலில் தெரிவது

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். மருந்துக்கடையில் நாள் பூரா நின்று நின்று உன் மாமாவுக்கு முட்டி வலி. ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், தனக்கென்று ஒரு தைலம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். உன் கழுத்து எப்படி இருக்கிறது? அந்த வீடியோ வெட்டுகிற வேலையில் நிமிர்ந்து உட்காரவாவது விடுகிறார்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாமா கேலி செய்கிறார். போனில் நீ "ம், ம்" என்றே பேசி முடித்துவிடுவாய். கடிதம் என்றால் நாலு வரி எழுதித்தானே ஆக வேண்டும்.

பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள். எங்கள் தலைமையாசிரியர், அதான் சர்க்குலர் சார், இந்த வருஷத்து முதல் சர்க்குலரை ஆங்கில ஆசிரியர்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். மாதம் ஒரு முறை மாணவர்களை ஆங்கிலத்தில் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் முனகுகிறார்கள். எனக்கென்னவோ ஆசையாகத்தான் இருக்கிறது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இலக்கணம் கேட்டால் எழுதிவிடுவார்கள். வாயைத் திற என்றால் பெஞ்சுக்கு அடியில் பென்சில் தேடுவார்கள். யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான், வேறென்ன.

அதில் ஒரு பெண். போன வருஷம் பாதியில் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் அன்று வைத்த பெயர் "புதுசு". இன்னும் புதுசுதான். கட்டுரை நோட்டைத் திறந்தால் எனக்கே பொறாமையாக இருக்கும், அப்படி எழுதுகிறாள். வகுப்பில் எழுப்பிவிட்டால் "யெஸ் டீச்சர்", "நோ டீச்சர்", அதற்கு மேல் காற்றுதான் வருகிறது.

எப்படி ஆரம்பிக்கலாம், சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கழுத்து இன்னும் உடம்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவர் திட்டினால் நான் சொன்னதாகச் சொல், எப்படியும் என்னைத் திட்டத்தானே போகிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் வைத்துப் பதிவு செய்யாதே. நாற்பது பேர் எதிரில் நானே உளறுவேன். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு போனில், தனியாக, அவரவரே எடுத்து உனக்கு மட்டும் அனுப்பட்டும். முகம் காட்டத் தேவையில்லை என்று சொல்லிவிடு. முகம் இல்லை என்றால் பாதி கூச்சம் போய்விடும். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். "என் சன்னலில் தெரிவது" என்று கொடுத்துப் பார். சன்னல் இல்லாத வீடு கிடையாது. பார்த்ததைச் சொல்ல மனப்பாடம் வேண்டியதில்லை.

இங்கே நான் பிறர் எடுத்த கல்யாண வீடியோக்களையும் சோப்பு விளம்பரங்களையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். நல்லதாக ஒன்று வந்தால் எனக்கு அனுப்பு. கண்ணுக்காவது மருந்தாக இருக்கும்.

உன் தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மாமாவுக்கு ஒத்தடம் கேட்டது. உன்னைத் திட்டவும் செய்தார்.

உன் யோசனை பலித்துவிட்டது. முப்பத்தைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவன் பேசப் பேசப் பின்னால் அவன் அப்பா குறட்டை விடுகிறார். ஒருத்தி சன்னலைத் திறந்ததும் எதிர்வீட்டு அம்மாள், "என்னடி படம் எடுக்கிறே?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அதற்கும் அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறாள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கடைசியாகத்தான் புதுசு அனுப்பியது வந்தது. தம்பி, கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகம் இல்லை, கம்பியைப் பிடித்திருக்கிற ஒரு கை மட்டும். "எங்கள் சன்னலுக்குத் திரை இல்லை. என் அம்மா மற்றவர்கள் சன்னலுக்குத்தான் திரை தைக்கிறாள்" என்று ஆரம்பிக்கிறாள். டிப்போவிலிருந்து வெளியே வரும் பஸ்கள் தூக்கம் கலையாத பிள்ளைகள் மாதிரி ஒரு முறை குலுங்கிவிட்டுத்தான் நடக்கின்றனவாம். டயர் கடைக்காரர் நாள்தோறும் டயர்களை வெளியே அடுக்கி, சாயங்காலம் உள்ளே அடுக்குகிறாராம். "இரண்டு தடவையும் அவர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார், ஆனால் சாயங்காலம் மெதுவாக" என்கிறாள். யாரும் இவளுக்கு இந்த ஆங்கிலத்தைக் கற்றுத்தரவில்லை. நான் நிச்சயமாக இல்லை.

டிப்போவுக்கு எதிரே லாண்டரி மாடியில் ஒரே அறை. அம்மாவும் இவளும் மட்டும். அப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

வீடியோவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதை மட்டும் வெட்டிக் கொடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இதை எழுதும்போது நான் தரையில் இல்லை.

வெட்டி மட்டும் கொடு என்றாய். கை சும்மா இருக்குமா? நிறத்தைச் சரிசெய்தேன், தமிழில் எழுத்து ஓடவிட்டேன், அடியில் மெல்ல ஒரு பியானோவை வைத்து, இணையத்தில் புனைபெயரில் நான் நடத்துகிற பக்கத்தில் ஏற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் அக்கா. நான் வெட்டிய சோப்பு விளம்பரத்தை என் மேலாளரே முழுசாகப் பார்த்ததில்லை. இதை அவர் மூன்று தடவை பார்த்தார். "யாருடா இந்தப் பொண்ணு?" என்றார். "எங்கக்கா கிளாஸ் பொண்ணு சார்" என்றேன். சொல்லும்போது எனக்கே மார்பு விரிந்தது.

தினமும் செய்தி வந்து குவிகிறது. யாரோ புத்தகம் பரிசு அனுப்ப வேண்டும் என்கிறார்கள், யாரோ அழுதேன் என்கிறார்கள். முடிந்தவரை எல்லாருக்கும் பதில் போடுகிறேன். உன் புதுசிடம் சொல், இனி அவள் பழசாகவே முடியாது.

கோபம் இல்லையே? நல்லதைத்தானே நாலு பேருக்குக் காட்டினேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 31

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கும் மூளை இருக்கு" என்றார். இதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்.

கோபம் ஏன்? கேட்காமல் போட்டுவிட்டாயே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பியானோ வைத்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது.

சர்க்குலர் சார் காலைக் கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டார். என்னை மேடைக்கு அழைத்து எல்லாரையும் கைதட்டச் சொன்னார். வேறு பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் போன் செய்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அடுத்த மாதப் பயிற்சி வகுப்பில் நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் என்னை எங்கேயும் யாரும் பேசக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பெண் மேடைக்கு வரவில்லை. கழிவறையில் இருந்தாளாம். பிறகு என்னிடம் வந்து அதை எடுத்துவிடச் சொன்னாள். கூச்சம் என்று நினைக்கிறேன். முடிந்தால் எடுத்துவிடேன், அவசரம் ஒன்றும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. உனக்கு அங்கே குடை இருக்கிறதா?

உன் அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. அறை மாற்றினேன். பெட்டி படுக்கையைத் தூக்கி மறுபடி கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றபடி நலம். குடை இருக்கிறது, கம்பிதான் இல்லை.

அதை எடுக்கச் சொன்னாயே. இப்போதுதான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை வேலைக்கு எடுக்கலாமா என்று ஒரு பெரிய நிறுவனம் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறது. மாதக் கடைசியில் நேர்முகம். அதுவரை இருக்கட்டும், முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணும் அதற்குள் பழகிவிடுவாள். நீயும் அவசரம் இல்லை என்றுதானே எழுதினாய்?

உன் பயிற்சி வகுப்புப் பேச்சு எப்படி இருந்தது? கை நடுங்கியதா?

உன் தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

நலம். அந்த வீடியோவை இன்றே எடுத்துவிடு. உன்னிடம் இருக்கிற பிரதிகளையும் அழித்துவிடு. ஏன் என்று இப்போது கேட்காதே.

அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கையில் வந்த நிமிஷமே எடுத்துவிட்டேன். என்ன நடந்தது? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே. நான் அழைத்தால் நீ எடுப்பதே இல்லை. மாமா எடுத்து "உங்கக்காவுக்குத் தலைவலி, தூங்கறா" என்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததே கிடையாதே. பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா? சர்க்குலர் சார் உன்மேல் பாய்ந்தாரா?

நேர்முகம் நன்றாக நடந்தது. வேலை கிடைத்துவிட்டது. உன் குரலில் ஒரு வார்த்தை கேட்டால்தான் அது முழுசாகும். உடம்பு சரியில்லை என்றால் சொல், கிளம்பி வருகிறேன்.

உன் தம்பி


நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

புது வேலை கிடைத்ததில் சந்தோஷம். இங்கே வரவேண்டாம், சேர்ந்த உடனே லீவு போட்டால் நன்றாக இருக்காது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் என் குரலை வைத்தே நீ எல்லாவற்றையும் கேட்டுவிடுவாய் என்றுதான் எடுக்கவில்லை.

அந்தப் பெண் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளும் அம்மாவும் அப்பாவுக்குப் பயந்துதான் இந்த ஊருக்கு வந்து ஒளிந்திருந்திருக்கிறார்கள். அடித்து நொறுக்குகிற ஆளாம். போன மாதம் அவனுக்கு எப்படியோ இடம் தெரிந்து வந்துவிட்டான். லாண்டரி மாடிப்படியில் அவள் அம்மாவைக் கத்தியால் குத்திவிட்டான். இஸ்திரி போடுகிறவர்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். அம்மா ஆஸ்பத்திரியில். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெண்ணை அரசு விடுதியில் சேர்த்திருக்கிறார்கள்.

உன் வீடியோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்துக் குழம்பாதே. அவன் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவன். இவ்வளவுதான் விஷயம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில்தான் பிரித்தேன். படித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

வீடியோவை அழித்தாலும் எனக்கு வந்த செய்திகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். செப்டம்பரில் ஒருவர் எழுதியிருக்கிறார். தான் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியராம், அந்தக் குழந்தைக்குத் தன் கையால் ஒரு அகராதி வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், பள்ளியில் கொடுத்தால் நடுவில் யாராவது எடுத்துக்கொள்வார்களாம், வீடு எங்கே என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்கிறார். அவ்வளவு மரியாதையான தமிழ். நான் பதில் போட்டிருக்கிறேன். ஊரைச் சொல்லி, "டிப்போவுக்கு எதிரே லாண்டரி மாடி சார், உங்களைப் போல் நாலு பேர் இருந்தால் போதும்" என்று. கூப்பிய கை படம் ஒன்றும் சேர்த்து. நீ கடிதத்தில் எழுதியதை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கில் பெயரும் இல்லை, படமும் இல்லை. பதில் கிடைத்த பிறகு அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, நன்றி என்றுகூட.

அது அவன்தானா? எனக்குத் தெரியும், ஆனாலும் நீ சொல். அந்தம்மா எப்படி இருக்கிறார்கள்? அதையாவது எழுது.

தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரை மாதமாக இந்தப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் போன்களை மாமா எடுத்துச் சமாளித்தார். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே இறந்துவிட்டாள். நவம்பரில் உனக்கு நான் எழுதியது பொய்.

அது நடந்த நேரத்தில் பெண் என் வகுப்பில்தான் இருந்தாள். ஸ்மார்ட் போர்டில் ஒரு கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, அதன் வாய்க்கு நாங்கள் வசனம் பேசிக்கொண்டிருந்தோம். அவள்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். லாண்டரிக்காரர் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் ரத்தம். அவருடைய சட்டையைப் பார்த்ததுமே அவள் எழுந்து, "அம்மாவா?" என்று கேட்டாள்.

உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அதை எனக்கு அனுப்புவதற்கு முன் அவள் கேட்டாள்: "நீங்க மட்டும்தானே டீச்சர் பார்ப்பீங்க?" ஆமாம் என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் உனக்கு அனுப்பினேன். அப்புறம் எடுத்துவிடச் சொல்லி வந்தபோது அவள் கூச்சப்படவில்லை தம்பி. கை சில்லிட்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள், எனக்குத் தெரிந்தது. போனை எடுத்து உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றே எடுத்திருப்பாய். நான் கடிதத்தில், மேடையையும் கைதட்டலையும் எழுதிவிட்டு அதற்குக் கீழே, அவசரம் இல்லை என்று எழுதினேன். எனக்கு அது இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் போலிருந்தது. உனக்கு உன் வேலை, எனக்கு என் அரை மணி நேரப் பேச்சு.

வீடியோவைப் பற்றிக் கல்வித் துறை வைத்த விசாரணைக்கு முன்னால் சர்க்குலர் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தம்மா வாய்மொழியா சம்மதம் கொடுத்தாங்கன்னு ஒரு வரி சொல்லிடுங்க டீச்சர். அவங்கதான் இப்ப இல்லையே" என்றார். நான் சொல்லவில்லை. யாரும் அந்தம்மாவைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

ஆனால் வெளியே யார் போட்டது என்று கேட்டபோது, தெரியாது என்றேன். உன் பெயர் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

போன வாரம் விடுதிக்குப் போனேன். பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன், வந்து எதிரில் உட்கார்ந்தாள். முடியை வெட்டியிருக்கிறார்கள். "அவருக்கு எப்படித் தெரிஞ்சது டீச்சர்? வீடியோவில வீடு எங்கேன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள். அதுதான் அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பள்ளி என்றுகூட அவள் சொல்லவில்லை, கவனமாகத்தான் பேசியிருக்கிறாள். நான் உன் டிசம்பர்க் கடிதத்தைப் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தவள். தெரியலைம்மா என்றேன்.

அந்தக் குழந்தையிடம் இது என் இரண்டாவது பொய். மூன்றாவதைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. ஆனால் நான் போய் உன் பெயரைச் சொன்னால் அது காட்டிக் கொடுப்பது. நீயே வந்து சொன்னால் அது வேறு. உன் புது வேலை போனாலும் போகும், வழக்கில் உன்னை இழுத்தாலும் இழுப்பார்கள். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாமா உன்னை விசாரித்தார்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை, உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். மணி அடிக்கக் கை போனது. உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அப்புறம் நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இன்றைக்கு அது வேண்டாம்.

விடுதிக்குப் போயிருந்தேன். உன் தம்பி என்று சொன்னதும் வார்டன் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என் போனை எடுத்து அந்தச் செய்தியையும் என் பதிலையும் அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். மறுபடி மேலே தள்ளிப் படித்தாள்.

"இது நீங்களா?" என்றாள்.

"நான்தான். யாருன்னு தெரியாம சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்றுதான் இருந்தேன். போனை வார்டனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"அப்ப அம்மா கூப்பிடல," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. வார்டன்தான் சொன்னார். அந்த ஆள் போலீஸில், "அவளேதான் விலாசம் கொடுத்து வரச் சொன்னா, வந்த இடத்துல சண்டை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். அந்தம்மாவின் சொந்த அண்ணனே, "இவ எதுக்கு அவனை வரச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று போய்விட்டாராம். இத்தனை நாளாக இந்தப் பெண்ணுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அம்மாதான் மனசு இரங்கி எழுதிவிட்டாளோ என்று.

"கோர்ட்டில வந்து சொல்வீங்களா?" என்று கேட்டாள். "அவர் இருக்கும்போது சொல்லணும். எங்க மாமாவையும் வரச் சொல்லணும், அவரும் கேக்கணும்."

"சொல்றேம்மா."

"என்னன்னு சொல்வீங்க?"

சொல்லிக் காட்டச் சொல்கிறாள் என்று புரிந்தது. "விலாசத்தைக் கொடுத்தது நான். அந்தம்மா யாரையும் வரச் சொல்லல" என்றேன். அவள் அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நான், "என்னை மன்னிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அது வேண்டாம் அண்ணா," என்றாள். "அதைச் சொன்னா நான் பதில் சொல்லணும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். வார்டன் போனைத் திருப்பிக் கொடுத்து, அதிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம் என்றார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜில் தங்கியிருக்கிறேன். புது வேலையில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், திரும்ப எடுப்பார்களா என்று தெரியவில்லை. காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மாமா கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். தனியாகப் போனால் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி